எண்ணூர் ஆற்றடியில் 'காக்கா ஆழி': அமெரிக்கச் சிப்பி நம்மூர் இறாலை விரட்டும் கதை!

*எங்கிருந்தோ வந்த ஒரு சின்னச் சிப்பி, கேரளத்தின் காயல்களையும் சென்னையின் கழிமுகத்தையும் ஆக்கிரமித்திருக்கிறது. இதைத் தடுக்க முடியுமா? கடற்கரைக்குப் போகும் உங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது!*

எண்ணூர் கழிமுகத்தை நம்பிப் பிழைக்கும் மீனவக் குடும்பங்களுக்கு, கொசஸ்தலை ஆற்றின் அடித்தரை வீட்டு முற்றம் மாதிரி. எங்கே சேறு, எங்கே மணல், எந்த இடத்தில் இறால் புதைந்திருக்கும் என்பதெல்லாம் தண்ணீருக்குள் இறங்கினால் காலுக்கே தெரியும். அந்தத் தரை சில ஆண்டுகளாகவே மாறிப்போய்க் கிடக்கிறது. கறுப்பும் பழுப்புமான சின்னச் சின்னச் சிப்பிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பாய் விரித்ததுபோல சேற்றை மூடியிருக்கின்றன.

மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் 'காக்கா ஆழி'. சென்னைப் பக்கம் பச்சை ஆழி, மஞ்சள் மட்டி என்று சிப்பி வகைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பெயர்கள் உண்டு. இந்தப் பெயர் மட்டும் புதுசு. ஏனென்றால், இந்தச் சிப்பியும் இங்கே புதுசு!

யார் இந்தக் காக்கா ஆழி?

அறிவியல் பெயர் மைடெல்லா ஸ்ட்ரிகாட்டா. பழைய கட்டுரைகளில் மைடெல்லா சார்ருவானா என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் 'சார்ரு மஸ்ஸல்' என்கிறார்கள். சொந்த ஊர், மத்திய அமெரிக்கா மற்றும் தென் அமெரிக்காவின் கடற்கரைகள்.

ஆள் பார்க்கச் சிறுசுதான். பெரிதாக வளர்ந்தாலே ஏறத்தாழ 5 சென்டிமீட்டர், அதாவது நம் சுண்டுவிரல் நீளம். மேல் ஓடு கறுப்பு, பழுப்பு, பச்சை என்று ஆளுக்கொரு நிறத்தில் இருக்கும். சிலவற்றில் அலையலையாகக் கோடுகளும் உண்டு. 

ஆனால், தாக்குப்பிடிக்கும் சக்தியில் இது கில்லாடி. கடல் நீரின் உப்பு, சராசரியாக ஆயிரத்துக்கு 35 பங்கு. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் இறங்கும்போது கழிமுகத்தில் இந்த அளவு மளமளவென்று குறையும். கோடையில் கடலைவிட அதிகமாகவும் ஏறும். பல உயிர்கள் இந்த ஏற்ற இறக்கத்தில் செத்துவிடும். சார்ரு சிப்பியோ, உப்பு மெதுவாக மாறினால், ஆயிரத்துக்கு 2 பங்கிலிருந்து 40 பங்கு வரை தாங்கிக்கொள்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உணவு கிடைக்காமல் போனால் ஆண் பெண்ணாகவும், பெண் ஆணாகவும் மாறக்கூடிய உயிரினம் இது என்பது இன்னொரு ஆச்சர்யம்!

எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டம் சேர்க்கும் வேகம். முட்டையும் விந்தும் தண்ணீரில் கலந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளாகி நீரோட்டத்தில் மிதக்கும். பிடிக்க ஓர் இடம் கிடைத்தால் போதும்... பாறை, படகு, கயிறு, தூண், இன்னொரு சிப்பியின் முதுகு என்று எதிலும் நார் போன்ற இழைகளைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். உறுதியான இடமே கிடைக்காவிட்டாலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சேற்றின் மேலேயே படர்ந்துவிடும்.

இறாலுக்கு இடம் இல்லை!

சிப்பிதானே, ஓர் ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றலாம். மீனவர்களின் பிரச்னை இந்தப் 'பாய்' விரிப்பதில்தான் ஆரம்பிக்கிறது.

கழிமுகத்து இறால் பகலில் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். அங்கேயே இரை தேடும். மேலே சிப்பிப் படுகை மூடிவிட்டால் இறாலால் புதைய முடியாது. தண்ணீரில் அமர்ந்து, சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிக்கும் முறை எண்ணூர், பழவேற்காடு பகுதிகளில் இன்றும் உண்டு. இருளர் பழங்குடி மக்கள் பலருக்கு அதுதான் பிழைப்பு. படகு வேண்டாம், வலை வேண்டாம். கையும் ஒரு பையும் போதும். அந்தக் கை துழாவும் சேறே இப்போது கூரான ஓடுகளால் மூடிக் கிடந்தால் என்ன செய்வது?

அடுத்த அடி, ஏற்கெனவே அங்கு வாழும் மஞ்சள் மட்டிக்கும் பச்சை ஆழிக்கும். மட்டி சேற்றுக்குள் புதைந்து வாழும் உயிர். மேலே தடிமனாகச் சிப்பிப் படுகை உட்கார்ந்தால் கீழே இருப்பதற்கு மூச்சு முட்டும். இரண்டுமே தண்ணீரை வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்பவை என்பதால் சாப்பாட்டுக்கும் போட்டி.

அனல்மின் நிலையச் சாம்பல், தொழிற்சாலைக் கழிவு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பரவிய எண்ணெய் என்று எண்ணூர் ஏற்கெனவே நிறைய அடி வாங்கிய இடம். அதற்கு மேல் இது. 'ஆற்றைக் காக்கா ஆழி மூடுகிறது, அகற்றுங்கள்' என்று மீனவர்கள் எழுப்பிய குரல், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போனது. அரசுத் துறைகள் அங்கே பதில் சொல்ல வேண்டிவந்தது.

கடல் தாண்டி வந்தது எப்படி?

சிப்பிக்குத் துடுப்பும் இல்லை, சிறகும் இல்லை. அதைச் சுமந்து வருபவை கப்பல்கள் என்பதே விஞ்ஞானிகள் சொல்லும் விளக்கம். இதில் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, தண்ணீர். சரக்கு இல்லாத கப்பல் கடலில் தள்ளாடும். எனவே, புறப்படும் துறைமுகத்தில் கடல் நீரை அடித்தொட்டிகளில் ஏற்றிக்கொண்டு கிளம்பும். 'பேலஸ்ட் வாட்டர்' என்பது இதுதான். போய்ச் சேரும் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அந்த நீரை வெளியேற்றும். அந்த ஊர்த் தண்ணீரில் மிதந்த சிப்பிக் குஞ்சுகளும் இந்த ஊரில் இறங்கிவிடும், டிக்கெட் இல்லாமலேயே!

இரண்டாவது வழி, கப்பலின் அடிப்பகுதி. அதில் ஒட்டிக்கொண்ட சிப்பிகள், நின்ற துறைமுகத்தில் இனப்பெருக்கம் செய்தால் கதை முடிந்தது. சென்னை, எண்ணூர் காமராஜர், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள் அடுத்தடுத்து இருக்கும் கடற்கரை இது.

இந்தச் சிப்பி எங்கெங்கே, எப்போது கண்ணில்பட்டது என்று வரிசையாகப் பார்த்தால் அதன் பயணம் புரியும். 1986-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஜாக்சன்வில் நகரில் முதலில் தென்பட்டது. 2004-ல் அதே மாநிலத்தில் மறுபடி தலைகாட்டியது. 2014-ல் ஆசியாவுக்குள், பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடாவில் தெரிந்தது. 2016-ல் சிங்கப்பூரின் ஜோகூர் நீரிணை. அடுத்து தாய்லாந்து. 2019-ல் கொச்சி உப்பங்கழியில் இது பரவியிருப்பதை ஆய்வுக் கட்டுரை உறுதி செய்தது. அதன்பின், சென்னையின் எண்ணூர்.

கேரளத்தில் இதன் பெயர் 'வரத்தன்'

கொல்லத்தின் அஷ்டமுடிக் காயல் மக்கள் இதை 'வரத்தன் கக்கா' என்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்தவன் என்று பொருள். நம்மூரில் 'வந்தேறி' என்பதுபோல!

அஷ்டமுடி சாதாரணக் காயல் அல்ல. அங்கே கிடைக்கும் மட்டிக்கு வெளிநாட்டில் கிராக்கி உண்டு. 1990-களில் அளவுக்கு மீறி அள்ளியதில் மட்டி குறைந்தபோது, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தடைக்காலம், வலைக் கண்ணுக்கு அளவு, ஏற்றுமதி செய்யும் மட்டிக்கு அளவு என்று கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தார்கள். பலன் கிடைத்தது. 2014 நவம்பரில் எம்.எஸ்.சி எனப்படும் மரைன் ஸ்டீவர்ட்ஷிப் கவுன்சிலின் சான்றிதழ் அஷ்டமுடி மட்டிக்குக் கிடைத்தது. 'இந்த மீன்வளம் அழியாத முறையில் பிடிக்கப்படுகிறது' என்று உலகச் சந்தைக்குச் சொல்லும் அந்தச் சான்றிதழை இந்தியாவில் முதலில் பெற்றது அஷ்டமுடிதான்.

அப்படிப் பார்த்துப் பார்த்துக் காத்த படுகையில் சில ஆண்டுகளிலேயே வரத்தன் வந்து உட்கார்ந்தது. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், காயலில் நாட்டு மட்டிக் குஞ்சுகளை விட்டுப் பெருக்கும் முயற்சியில் இறங்கியிருக்கிறது. ஊர் கட்டுப்பாடாக இருந்தால் மட்டும் போதாது, கப்பலில் வருவதையும் கவனிக்க வேண்டும் என்பது அஷ்டமுடி கற்ற பாடம்.

'முதல் பதிவு' என்றால் என்ன?

'இந்தியாவில் முதல் முறையாக', 'கிழக்குக் கடற்கரையில் முதல் பதிவு' என்று ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புகளில் பார்த்திருப்பீர்கள். படிக்கச் சப்பென்று இருக்கும். ஆனால், ஊருக்குள் புதிதாக வந்தவர் யார் என்று காவல்நிலையத்தில் எழுதிவைக்கும் பதிவேடு மாதிரிதான் அதுவும்.

புதுச் சிப்பி ஒன்று கிடைத்தால் முதலில் ஓட்டின் வடிவம், உட்புற நிறம், இரு ஓடுகளும் இணையும் இடத்தில் உள்ள பற்கள் ஆகியவற்றை அளந்து ஒப்பிடுவார்கள். சந்தேகம் இருந்தால் டி.என்.ஏ சோதனை. கிடைத்த இடம், தேதி, ஆழம், நீரின் உப்பு ஆகியவற்றைக் குறித்து, மாதிரியை அருங்காட்சியகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ பத்திரப்படுத்துவார்கள்.

சரி, ஒரு சிப்பி 'புதுசு' என்று எப்படித் தெரியும்? பழைய பட்டியலில் அது இல்லை என்றால்தான் தெரியும்! இங்கேதான் பழைய ஆய்வாளர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். மதராஸ் மாகாணத்தின் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், நம் சங்குகளைப் பற்றி 1914-லேயே தனிநூல் எழுதினார். மெட்ராஸ் அருங்காட்சியகத்தின் எஸ்.டி.சத்தியமூர்த்தி, பாம்பன் அருகே உள்ள குருசடைத் தீவின் சங்கு, நத்தை வகைகளை 1952-லும், இரட்டை ஓட்டுச் சிப்பிகளை 1956-லும் பட்டியலிட்டு வெளியிட்டார். அன்று உட்கார்ந்து எழுதிய அந்தப் பட்டியல்கள்தான், இன்று 'இது இங்கே இருந்ததில்லை' என்று சொல்ல ஆதாரம்.

ஒரே சிப்பி, இரண்டு துறைமுகங்கள்

பதிவேடு சரியாக இருந்தால் என்ன நடக்கும்? ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் அதற்கு உதாரணம்.

1999 மார்ச் மாதம், டார்வினின் படகுத்துறை ஒன்றில் கறுப்புக் கோடு போட்ட அந்நியச் சிப்பிகள் கொத்துக் கொத்தாகக் கண்டுபிடிக்கப்பட்டன. பெயர் மைட்டிலாப்சிஸ் சாலேயி. இதுவும் அமெரிக்கப் பக்கத்துச் சரக்குதான். சுமார் ஆறு மாதங்களுக்கு முன்புதான் முக்குளிப்போர் அதே இடத்தைச் சோதித்திருந்தார்கள். அப்போது அது இல்லை. எனவே, வந்து சில மாதங்களே ஆகின்றன என்பது உடனே புரிந்தது. படகுத்துறைகளை மூடினார்கள். அங்கிருந்து கிளம்பிப்போன படகுகளைத் தேடித்தேடிச் சோதித்தார்கள். தண்ணீரில் குளோரினும் காப்பர் சல்பேட்டும் கொட்டினார்கள். சுமார் நான்கே வாரங்களில் சிப்பி ஒழிந்தது. படகுத்துறைக்குள் இருந்த மற்ற உயிர்களும் சேர்ந்தே செத்தன. அந்த விலையைக் கொடுத்துத்தான் வெளியே இருந்த கடலைக் காப்பாற்றினார்கள்.

இதே சிப்பி இந்தியாவுக்கு அதற்கும் வெகு காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. 1967-ல் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் தென்பட்டது. பிறகு மும்பைத் துறைமுகத்திலும் பரவியது. இங்கே அதை ஒழிக்க முடியவில்லை.

டார்வின் வைத்தியத்தை எண்ணூரில் செய்ய முடியுமா? முடியாது. டார்வின் படகுத்துறைகளுக்குக் கதவு உண்டு. மூடினால் தொட்டி மாதிரி. எண்ணூர் திறந்த கழிமுகம். மருந்து கொட்டினால் மீனும் இறாலும் மக்களும் பாதிக்கப்படுவார்கள். மிஞ்சுவது, படுகைகளை அள்ளி அகற்றுவது. அதையும் கவனமாகச் செய்ய வேண்டும். அள்ளும்போது சிதறும் சிப்பி வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். கண்மூடித்தனமாகத் தோண்டினால், காப்பாற்ற நினைக்கும் மஞ்சள் மட்டியும் போய்விடும். ஆற்றுத் தரையைக் காலால் அறிந்த மீனவர்களோடு சேர்ந்து செய்தால்தான் இது உருப்படும்.

அதனால்தான், இன்னும் பரவாத இடங்களைக் கண்காணிப்பது முக்கியமாகிறது. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரி இருக்கிறது. இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி அது. பக்கிங்ஹாம் கால்வாய் இரண்டையும் இணைக்கிறது. அங்குள்ள மீனவர்களின் கவலைக்குக் காரணம் இதுதான்.

நம்ம பச்சை ஆழி, அங்கே வில்லன்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாம் பரிதாபப்படும் பச்சை ஆழி, இந்திய, பசிபிக் பெருங்கடல் பகுதியைச் சேர்ந்தது. அது 1990-ல் கரீபியன் தீவான டிரினிடாடுக்குப் போய்ச் சேர்ந்தது. 1999-ல் ஃப்ளோரிடாவின் டாம்பா விரிகுடாவில், மின் நிலையத்துக்குத் தண்ணீர் எடுக்கும் பாதையில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே அதுதான் வந்தேறி, அதுதான் தலைவலி! 

காக்கா ஆழியின் கதையும் அப்படித்தான். பிரேசிலின் மசேயோ நகரில் இதே சிப்பிக்கு 'சுருரு' என்று பெயர். அங்கே அது தேங்காய்ப் பாலில் வேகும் பிரியமான உணவு. காயல் கரைக் குடும்பங்கள் பலவற்றின் வாழ்வாதாரம். அந்த மாநிலம் அதைப் பண்பாட்டுச் சொத்தாகவே அறிவித்திருக்கிறது.

'அப்படியானால் நாமும் சாப்பிட்டே தீர்த்துவிடலாமே' என்று கேட்கலாம். எண்ணூரில் அது ஆபத்து. தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர் என்பதால், அதில் இருக்கும் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களும் அதன் உடலில் சேரும். அசுத்தமான ஆற்றுச் சிப்பி சமையலறைக்கு வேண்டவே வேண்டாம்.

அரியவற்றுக்கும் இதே பதிவேடு

வேண்டாத விருந்தாளியைக் கண்டுபிடிக்க உதவும் அதே பட்டியல், காணாமல்போகும் சொந்தங்களைத் தேடவும் உதவுகிறது. ஒரு காலத்தில் இருந்த அரிய சங்கு இப்போதும் அங்கே இருக்கிறதா, இல்லையா? யாராவது பார்த்து எழுதிவைத்தால்தானே தெரியும்!

2001-ல் மெல்லுடலிகள் பலவற்றை மத்திய அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. கொம்புத் தலைக்கவசச் சங்கு, டிரைடன் எக்காளச் சங்கு, ராட்சதச் சிப்பி, அறைகள் கொண்ட நாட்டிலஸ், 'இந்தியாவின் மகிமை' என்று பெயர் பெற்ற கூம்புச் சங்கு ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. இவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். சுற்றுலாத் தலங்களில் அழகுக்கு வாங்கும் பெரிய சங்கு ஒன்று இந்தப் பட்டியலில் இருந்துவிடலாம். எதுவென்று தெரியாவிட்டால் வாங்காமல் இருப்பதே நல்லது.

நீங்கள் என்ன செய்யலாம்?

கழிமுகம், காயல், கடற்கரை பக்கம் போகும்போது இதுவரை பார்க்காத சிப்பி ஒன்று கண்ணில்பட்டால்...

● படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து எடுத்தால் அளவு தெரியும். வெளிப்புறம், உட்புறம், ஒட்டியிருந்த இடம் என்று மூன்று படங்கள் போதும்.

● இடமும் தேதியும் முக்கியம். 'ஐநேச்சுரலிஸ்ட்' போன்ற செயலிகளில் படத்தை ஏற்றினால், உலகெங்கும் உள்ள ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் பெயர் சொல்ல உதவுவார்கள். போனில் லொகேஷன் ஆன் செய்திருந்தால் இடம் தானாகப் பதிவாகும்.

● உயிருள்ளதை இடம் மாற்றாதீர்கள். ஒரு காயலில் எடுத்த சிப்பியை இன்னொரு காயலில் போடவே கூடாது.

● படகு வைத்திருந்தால் வேறு ஆற்றுக்குக் கொண்டுபோகும் முன் அடிப்பகுதி, கயிறு, வலை ஆகியவற்றைச் சுத்தம் செய்து காயவிடுங்கள். சுரண்டியதைத் தண்ணீரில் தள்ளாமல் கரையில் போடுங்கள்.

● மீனவர்களிடம் கேளுங்கள். 'இது எப்போதிருந்து இங்கே இருக்கிறது?' என்ற கேள்விக்குப் பல நேரங்களில் அவர்களிடம்தான் பதில் இருக்கும்.

கப்பல்களின் வேலை கப்பல்களுக்கு. அடித்தொட்டி நீர் தொடர்பான சர்வதேச ஒப்பந்தம் 2004-ல் உருவானது, 2017 செப்டம்பர் 8 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி, கப்பல்கள் அந்நீரைச் சுத்திகரித்த பின்பே வெளியேற்ற வேண்டும். நடுக்கடலில் மாற்றிக்கொள்ளும் வழி, தொடக்க ஆண்டுகளுக்கான இடைக்கால ஏற்பாடாக இருந்தது.

இப்படிச் சொந்த ஊர் தாண்டிக் குடியேறிய உயிரினங்கள் உலகில் 37,000-க்கும் மேல், அதில் கெடுதல் செய்பவை 3,500-க்கும் மேல் என்று 2023-ல் வெளியான ஐ.பி.பி.இ.எஸ் அறிக்கை கணக்கிட்டது. 2019-ம் ஆண்டில் மட்டும் இவற்றால் உலகுக்கு ஏற்பட்ட நஷ்டம் 423 பில்லியன் டாலருக்கும் மேல். கையால் சேற்றைத் துழாவி, ஒரு பை இறாலோடு வீடு திரும்ப வேண்டியவரின் அன்றாடக் கூலி இந்தக் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று தெரியாது. ஆனால், காக்கா ஆழியை எண்ணூரில் முதலில் கவனித்துப் பெயர் வைத்தவர்கள் அவர்களைப் போன்றவர்கள்தான். அடுத்த முறை ஒரு மீனவர் 'இது புதுசா இருக்குங்க' என்று சொன்னால், அதை உடனே எழுதிவைக்க ஓர் ஆள் வேண்டும்.